குளம் கசிகிறதா? அளந்து அறியும் முறை

நீர் குறைவதெல்லாம் கசிவு ஆகாது. கசிவதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. வீட்டில் நீச்சற்குளம் வைத்திருப்போரின் தொல்லை இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையில்தான் தொடங்குகிறது. நேற்றுப் பீங்கான் ஓட்டின் மேல்விளிம்பு வரை நின்ற நீர், இன்று காலையில் ஒரு விரற்கிடை கீழே நிற்கிறது. "வெயில் குடித்துவிட்டது" என்று சிலர் அமைதி கொள்கின்றனர். "குளம் கட்டியவர் ஏமாற்றிவிட்டார்" என்று சிலர் சினம் கொள்கின்றனர். இரு சாராரும் அளக்கவில்லை. ஆதலின் தாம் சொல்வது மெய்யென நிறுவ இரு சாராரிடமும் சான்று இல்லை.

இம்முடிவு பிழைபட்டால் நேரும் இழப்பு சிறிதன்று. கசியும் குளத்தை வெயில்மேல் பழிபோட்டு விட்டுவிட்டால், குளத்தைச் சுற்றியுள்ள மண் நாளடைவில் அரிக்கப்படும்; நடைபாதை தாழும்; சுவர் வெடிக்கும்; நீர்க் கட்டணமும் ஏறும். கசியாத குளத்தைக் கசிவதாகக் கருதிவிட்டாலோ, நல்ல தரையை உடைக்க நேரும். குற்றமற்ற தொழிலாளி பழி சுமக்க நேரும். நீரின் அருமை மலேசியருக்கும் சிங்கப்பூரருக்கும் புதிதன்று. 1963-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும், 2014-ஆம் ஆண்டில் சிலாங்கூரிலும் வறட்சியின் காரணமாக வீடுகளுக்கு நீர் முறைவைத்து வழங்கப்பட்டது. மழை மிகுந்த நாட்டிலும் குழாய் வறளும் நாள் உண்டு என்பதற்கு அவை சான்று.

"நீச்சற்குளம் செல்வர் வீட்டுப் பொருளாயிற்றே, அதைப் பற்றித் தமிழாசிரியருக்கு என்ன?" என்று வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் பள்ளியின் நீர்த்தொட்டி குறைவதும், கோயில் தெப்பக்குளம் குறைவதும், மீன் வளர்க்கும் குட்டை குறைவதும் இதே வினாவைத்தான் எழுப்புகின்றன. அன்றியும், ஐயத்தை நீக்கித் தெளிவு பெறும் வழியை மாணாக்கருக்குக் காட்ட இதனினும் எளிய பாடம் கிடைப்பது அரிது. இதற்கு வேண்டிய கருவி ஒரு வாளியும் ஓர் அளவுகோலும் மட்டுமே.

நீர் போகும் வழிகள்

நீர் ஓரிடத்தை விட்டு நீங்கும் விதங்களைத் தமிழ் நுட்பமாகப் பிரித்தறிந்துள்ளது. விளிம்பைக் கடந்து போவது வழிதல். அலைப்புண்டு துளியாய்ச் சிதறுவது தெறித்தல். இடையறாது தாரையாய் இறங்குவது ஒழுகுதல். சிறுகச் சிறுக ஈரமாய் வெளிப்படுவது கசிதல். மண்ணாலும் சுவராலும் உள்வாங்கப்படுவது சுவறுதல். காய்ச்சலால் குறைந்து போவது வற்றுதல். இச்சொற்களை ஒன்றுக்கு மற்றொன்றாக வழங்குவது மொழியில் மட்டும் பிழையன்று. நீச்சற்குளத்திலும் பெரும் பிழையாகும். ஏனெனில், ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு காரணத்தைச் சுட்டுகிறது. காரணம் மாறினால் மருந்தும் மாற வேண்டும்.

நீச்சற்குளத்தில் இவையெல்லாம் நிகழ்கின்றன. பிள்ளைகள் குதிக்கும்போது நீர் தெறிக்கிறது. பெருமழையில் நிரம்பி வழிகிறது. மணல் வடிகட்டியைக் கழுவும்போது ஒரு பகுதி வேண்டுமென்றே வெளியேற்றப்படுகிறது. நாள்தோறும் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிறது. சுவரிலோ தரையிலோ வெடிப்பு இருந்தால் கசிந்து மண்ணில் சுவறுகிறது. மண்ணுக்கடியில் ஓடும் குழாயின் மூட்டுத் தளர்ந்தால் அங்கே ஒழுகுகிறது. தெறித்தலையும் வழிதலையும் வடிகட்டி கழுவுதலையும் கண்ணால் காணலாம். ஒரு நாள் நிறுத்தியும் வைக்கலாம். கண்ணுக்குப் புலனாகாதவை இரண்டே: மேலே போகும் ஆவியும், கீழே போகும் கசிவும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே முழு வேலையும்.

ஆவி எவ்வளவு?

வால்வெள்ளி ஒன்றுக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹேலி என்ற ஆங்கில அறிஞர் இதனை அளந்து பார்த்தார். அவர் 1687-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் அம்முறை கூறப்பட்டுள்ளது. நான்கு அங்குல ஆழமும் ஏறத்தாழ எட்டு அங்குலக் குறுக்களவும் கொண்ட ஒரு தட்டத்தில் நீரை ஊற்றினார். கடல்நீரின் அளவுக்கு உப்புக் கலந்தார். கோடைக்கால வெப்பத்திற்குச் சூடாக்கித் தராசில் தொங்கவிட்டார். இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு எடை குறைந்தது என்று பார்த்து, பன்னிரண்டு மணி நேரத்தில் பத்தில் ஓர் அங்குலம், அதாவது 2.5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகும் என்று கணக்கிட்டார். அதைக் கொண்டு மத்தியதரைக் கடலிலிருந்து நாள்தோறும் 528 கோடி டன் நீர் ஆவியாவதாக மதிப்பிட்டார். ஒரு சிறு தட்டத்தை அளந்து ஒரு கடலைக் கணக்கிட்ட அந்தத் துணிவே இங்குக் கருதத்தக்கது.

1802-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜான் டால்ட்டனின் ஆய்வு, ஆவியாதலின் விரைவு எதைப் பொறுத்தது என்பதை விளக்கியது. நீரின் மேற்பரப்பு வெப்பமாயிருந்தால் ஆவி மிகும். மேலுள்ள காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருந்தால் ஆவி குறையும். காற்று வீசி ஈரத்தை அகற்றினால் மீண்டும் மிகும். எனவே, "நாளொன்றுக்கு இத்தனை மில்லிமீட்டர்" என்று எல்லா இடத்திற்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. மரநிழலில் உள்ள குளமும் வெட்டவெளியில் உள்ள குளமும் ஒன்றல்ல. மாடித் தளத்தில் காற்று அடிக்கும் குளமும் மதில் சூழ்ந்த குளமும் ஒன்றல்ல.

எனினும் ஆவியாதலுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. அதனைக் கதிரவனே விதித்துள்ளது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்கு நிற்கும் நீர் ஒரு லிட்டர். அதன் எடை ஒரு கிலோகிராம். 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் அந்த ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,430 கிலோஜூல் ஆற்றல் தேவை. மலேசியாவில் சமதரையின் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் விழும் கதிரவன் ஆற்றல் சராசரியாக 16,000 முதல் 18,000 கிலோஜூல் வரை இருக்கும். அவ்வளவையும் ஆவியாக்குவதற்கே செலவிட்டாலும் 7 மில்லிமீட்டர் அளவே ஆவியாகும். உண்மையில் ஒரு பகுதி ஒளி திரும்பிச் செல்கிறது. ஒரு பகுதி வெப்பம் வானில் கலந்துவிடுகிறது. ஆதலின் திறந்த நீர்ப்பரப்பில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிமீட்டர் குறைவதே இந்நாட்டில் இயல்பு.

சூடேற்றப்படாத ஒரு குளம் நாளொன்றுக்கு 25 மில்லிமீட்டர் குறைந்தால், அதை வெயிலின் கணக்கில் எழுத இயலாது. அவ்வளவு செலவழிக்கக் கதிரவனிடம் முதல் இல்லை. ஆனால் 6 மில்லிமீட்டரோ 8 மில்லிமீட்டரோ குறைந்தால் ஐயம் நீடிக்கும். அங்கேதான் வாளி உதவிக்கு வருகிறது.

வாளிச் சோதனை

8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள குளம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்க. அதன் பரப்பு 32 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் 32 லிட்டர் போயிற்று என்பது பொருள். சோதனை செய்யும் முறை பின்வருமாறு:

முதலாவதாக, நீர் குறைந்தால் தானே நிரப்பும் மிதவைக் குழாய் இருந்தால் அதை அடைக்க வேண்டும். இக்குழாய் பல வீடுகளில் கசிவை ஆண்டுக்கணக்கில் மறைத்துவிடுகிறது. குளம் எப்போதும் நிறைந்தே தோன்றும். உண்மையை நீர்க் கட்டணம் மட்டுமே அறியும்.

இரண்டாவதாக, ஓட்டையற்ற ஒரு வாளியைத் தேர்ந்தெடுத்து, குளத்து நீரையே அதில் ஊற்ற வேண்டும். வாளி கசிகிறதா என்பதை முன்னரே உலர்ந்த சிமெந்துத் தரையில் வைத்துப் பார்த்துக்கொள்வது நன்று. சான்று சொல்ல வருபவர் முதலில் நேர்மையானவராக இருத்தல் வேண்டுமன்றோ?

மூன்றாவதாக, அவ்வாளியைக் குளத்தின் படிக்கட்டில் வைக்க வேண்டும். வாளியின் விளிம்பு குளத்து நீருக்கு மேலே நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் நீர் வெளியே இருக்கும் குளத்து நீரின் மட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். வாளி மிதந்து நகராதபடி உள்ளே இரண்டொரு கல்லை முன்னதாகவே இட்டுவிடலாம்.

நான்காவதாக, வாளியின் உட்புறத்தில் அதன் நீர்மட்டத்தையும், குளத்தின் ஓட்டில் குளத்தின் நீர்மட்டத்தையும் குறியிட வேண்டும். வாளியின் வெளிப்புறத்தில் மட்டும் குளத்தின் மட்டத்தைக் குறித்தால், வாளி சற்று அசைந்தாலும் குறி பயனற்றுப் போகும்.

ஐந்தாவதாக, 24 மணி நேரம் காத்திருந்து இரண்டு இறக்கங்களையும் அளக்க வேண்டும். அந்நேரத்தில் எவரும் குளத்தில் இறங்கலாகாது. செயற்கை அருவி, நீரூற்று முதலியவற்றையும் நிறுத்திவிட வேண்டும். அவை நீரைச் சிதறச் செய்து குளத்தின் ஆவியைப் பெருக்கும்; வாளிக்கு அந்தப் பெருக்கம் இல்லை. ஒப்பிடப்படும் இரண்டும் கசிவு ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்திருக்க வேண்டும் என்பதே இச்சோதனையின் உயிர்.

வாளியை ஏன் தரையில் வைக்கலாகாது என்பதற்கும் இதுவே விடை. வெயிலில் தரைமேல் நிற்கும் வாளியின் பக்கங்கள் சூடேறும். உள்ளிருக்கும் சிறிதளவு நீரும் விரைவில் சூடேறி, குளத்தைவிட மிகுதியாக ஆவியாகும். வானிலை நிலையங்களில் ஆவியாதலை அளக்க வைக்கப்படும் 'ஏ வகைத் தட்டம்' என்பது 120.7 சென்டிமீட்டர் குறுக்களவும் 25.4 சென்டிமீட்டர் உயரமும் உள்ள உலோகப் பாத்திரம். அது மரச்சட்டத்தின்மேல் வெளியில் நிற்பதால் ஏரியைவிட விரைந்து வற்றுகிறது. ஆகவேதான், அத்தட்டம் காட்டும் எண்ணை ஏறத்தாழ 0.7-ஆல் பெருக்கி ஏரியின் ஆவியைக் கணக்கிடுவது வழக்கம். தரையில் வைத்த வாளி 7 மில்லிமீட்டர் குறைந்ததைக் கண்டு, 7 மில்லிமீட்டர் குறைந்த குளத்தைக் குற்றமற்றது என விடுவித்துவிட்டால், உண்மையான கசிவு தப்பிவிடும். குளத்து நீருக்குள்ளேயே நிற்கும் வாளிக்கு இக்குறை இல்லை. சுற்றியுள்ள குளத்து நீரே அதன் வெப்பத்தைத் தன்னோடு சமப்படுத்திவிடுகிறது.

மழை பெய்தால் அன்றைய அளவைத் தள்ளிவிடுவதே முறை. மழைத்துளி குளத்திலும் வாளியிலும் ஒரே உயரத்திற்கு விழும் என்பது உண்மையே. ஆயினும் நடைபாதையில் விழுந்த மழை வழிந்து குளத்தில் சேரும். வாளியில் அது சேராது. பிற்பகல் மழை தவறாத திங்களில், இரவு ஏழு மணிமுதல் காலை ஏழு மணிவரை அளந்தாலும் போதும். கதிரவன் இல்லாத அவ்வேளையில் ஆவி குறையும். கசிவோ இரவு பகல் அறியாது. ஆகையால் இரவில் அளக்கும்போது வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

கணக்கும் தீர்ப்பும்

குளம் 12 மில்லிமீட்டர் இறங்கியது, வாளி 5 மில்லிமீட்டர் இறங்கியது என்க. வாளி காட்டும் 5 மில்லிமீட்டர் ஆவியின் பங்கு. எஞ்சிய 7 மில்லிமீட்டர் கசிவின் பங்கு. எடுத்துக்காட்டாகக் கொண்ட குளத்தில் அது நாளொன்றுக்கு 224 லிட்டர். முப்பது நாளில் 6,720 லிட்டர். இக்குளம் கசிகிறது என்று துணிந்து கூறலாம்.

குளம் 6 மில்லிமீட்டரும் வாளி 5 மில்லிமீட்டரும் இறங்கினால் என்ன சொல்வது? அவசரப்படலாகாது. வாளியின் விளிம்பு நீர்மேல் வீசும் காற்றைச் சிறிது மறைப்பதால், வாளியின் ஆவி குளத்தின் ஆவியைவிடச் சற்றுக் குறைவாக இருக்கக்கூடும். குறியிடுவதிலும் அரை மில்லிமீட்டர் பிழை நேரலாம். எனவே ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கொண்டு தீர்ப்பு வழங்குதல் தகாது. சோதனையை மூன்று நாளோ ஒரு வாரமோ நீட்டிக்க வேண்டும். குறியிடும் பிழை நாள்தோறும் வளராது. கசிவு நாள்தோறும் வளரும். ஏழு நாளில் வேறுபாடு 7 மில்லிமீட்டராகப் பெருகினால் ஐயம் வலுக்கிறது. ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிட்டால் ஐயம் நீங்குகிறது.

பொறியியலாரும் இவ்வாறே பொறுமை காக்கின்றனர். நீர் தேக்கும் சிமெந்துக் கட்டடங்களுக்காக 1987-ஆம் ஆண்டில் வெளிவந்த பிரிட்டிஷ் தர விதி 8007, நிரப்பிய தொட்டியைச் சில நாள்கள் ஊறவிட்டு, அதன்பின் ஏழு நாள்கள் மட்டத்தைக் கவனிக்கச் சொன்னது. ஆவியையும் மழையையும் கணக்கில் கழித்த பின்னர், நீரின் சராசரி ஆழத்தில் 500-இல் ஒரு பங்கு, அல்லது 10 மில்லிமீட்டர் என்பது போன்ற ஒரு வரம்பை இறக்கம் கடக்கக்கூடாது என்று விதித்தது. ஒன்றரை மீட்டர் ஆழத்திற்கு 500-இல் ஒரு பங்கு 3 மில்லிமீட்டர். பிற்காலத்தில் அவ்விதியின் இடத்தை ஐரோப்பியத் தர விதி பெற்றது. எனினும், ஒரே நாளில் தீர்ப்பு எழுதாமலும், ஆவியைக் கழிக்காமல் குறை கூறாமலும் இருந்த அந்நெறி இன்றும் ஏற்கத்தக்கதே.

அளவை என்னும் சொல்

தமிழில் 'அளவை' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நாழியும் மரக்காலும் கொண்டு அளப்பதும் அளவை. காட்சி, கருதல் முதலியவற்றால் மெய்யை அறிவதும் அளவை. இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது பொருத்தமானதே என்பதை வாளிச் சோதனை காட்டுகிறது.

மணிமேகலையில் 'தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை' என்னும் பகுதியில், அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவை நூலை விளக்குகிறார். நிறுவ வந்த கருத்து பக்கம். அதற்குக் காட்டும் காரணம் ஏது. அதனை உறுதிப்படுத்தும் எடுத்துக்காட்டு திட்டாந்தம். காரணம் போலத் தோன்றிக் காரணமாகாதவற்றையும் அப்பகுதி வகைப்படுத்துகிறது. அவற்றுள் ஒன்று அநைகாந்திகம் எனப்படும். நிறுவ வந்த பொருள் இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் ஓர் ஏது ஒருசேரக் காணப்படுமாயின், அந்த ஏது முடிவு தராது என்பதே அதன் சாரம்.

"இக்குளம் கசிகிறது, ஏனெனில் நீர் குறைகிறது" என்பது அத்தகைய கூற்றுத்தான். நீர் குறைதல் கசியும் குளத்திலும் உண்டு. கசியாத குளத்திலும் உண்டு. ஆகவே அஃது எதையும் நிறுவவில்லை. "இக்குளம் கசிகிறது; ஏனெனில் தன்னுள் நிற்கும் கசியாத வாளியைவிட மிகுதியாகக் குறைகிறது" என்று சொன்னால் ஏது உறுதிபெறுகிறது. கசிவு இல்லாத இடத்தில் அந்த மிகுதியும் இல்லை என்பதற்கு வாளியே எதிர்மறை எடுத்துக்காட்டாக நிற்கிறது. இதனை வைதன்மிய திட்டாந்தம் என்று அந்நூல் கூறும். அறிவியலார் 'கட்டுப்பாட்டுச் சோதனை' என்று இன்று வழங்குவதும் இதுவே. இலக்கிய வகுப்பில் கடினமெனத் தோன்றும் இப்பகுதி, ஒரு வாளியை முன்னே வைத்தால் எளிதாகிவிடுகிறது.

கசிவு எங்கே?

கசிவு உண்டு என்று தெளிந்த பின்னரே அது எங்கே என்னும் வினா எழ வேண்டும். பலர் முதல் வினாவுக்கு விடை காணாமலே இரண்டாம் வினாவுக்குத் தாவித் தரையை உடைக்கின்றனர்.

முதல் சோதனையை நீர் இறைக்கும் பம்பு வழக்கம்போல் ஓடும் நிலையில் செய்து, அடுத்த நாள் பம்பை நிறுத்தி மீண்டும் செய்க. பம்பு ஓடும்போது கசிவு மிகுந்தால், பம்புக்கு அப்பால் குளத்திற்கு நீரைத் திருப்பிக் கொண்டுவரும் குழாயில் பழுது இருக்கலாம். ஓடும்போதுதான் அக்குழாயில் அழுத்தம் மிகுகிறது. வடிகட்டியின் கழிவுநீர் வால்வு சரியாக மூடாவிட்டாலும் பம்பு ஓடும்போது நீர் வெளியேறும்; ஆதலின் கழிவுக் குழாயின் வாயையும் பார்க்க வேண்டும். பம்பை நிறுத்தியபோது கசிவு மிகுந்தால், நீரை உறிஞ்சிச் செல்லும் குழாயை ஐயுறலாம். பம்பு ஓடும்போது அக்குழாயின் ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். குளத்திற்குத் திரும்பும் நீரில் குமிழிகள் தோன்றுவது அதன் அடையாளம். இரண்டு நாளும் கசிவு ஒரே அளவாயின், குளத்தின் உடலிலேயே பழுது இருக்கக்கூடும்.

நீரைச் சில நாள் நிரப்பாமல் விட்டுக் கவனிப்பதும் ஒரு வழி. குளத்தின் இறக்கம் எந்த உயரத்தில் வாளியின் இறக்கத்தோடு ஒத்துவிடுகிறதோ, அந்த உயரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ ஓட்டை இருத்தல் வேண்டும். மிதக்கும் குப்பையை இழுக்கும் சதுர வாயைத் தொழிலாளர் ஸ்கிம்மர் என்பர். சிமெந்துச் சுவரும் பிளாஸ்டிக்கினாலான அந்த வாயும் கூடும் இடம் வெடிப்பதற்கு ஏற்ற இடமாகும். நீருக்கடியில் உள்ள மின்விளக்கின் கூடும் அத்தகையதே. நீர் ஸ்கிம்மரின் வாய்க்குக் கீழே போகுமுன் பம்பை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் அது காற்றை இழுத்துப் பழுதாகும். விளக்கைத் தொடும் வேலையை மின்சாரத்தை நிறுத்தி, உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட வேண்டும்.

ஐயத்திற்குரிய வெடிப்பைக் கண்டால் மைச்சோதனை செய்யலாம். பம்பை நிறுத்தி, நீர் அசைவற்று நிற்கும் வரை பொறுத்து, சொட்டு மருந்துக் குழாயில் உணவுச்சாயத்தை எடுத்து வெடிப்பின் அருகே மெல்ல விட வேண்டும். சாயம் நின்ற இடத்திலேயே பரவினால் அங்கே ஓட்டம் இல்லை. நூலிழைபோல் நீண்டு வெடிப்பினுள் புகுந்தால் அதுவே வாயில். மண்ணுக்கடியில் உள்ள குழாய்களை இவ்வாறு காண இயலாது. அவற்றின் வாய்களை அடைத்து, அழுத்தம் ஏற்றி, அழுத்தமானி இறங்குகிறதா என்று பார்ப்பது தொழில் அறிந்தோரின் வேலை.

சிறு ஓட்டை என்று எதையும் இகழ்தல் கூடாது. ஓட்டையிலிருந்து நீர் பாயும் விரைவு, அதன்மேல் நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தது என்பதை இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் விதிப்படி கணக்கிட்டால், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு துளை, வெளியே மண் தடுக்காதிருக்குமானால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 880 லிட்டர் நீரைப் போக்கிவிடும். அதே துளை 30 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் ஏறத்தாழ 395 லிட்டர். கோணி தைக்கும் ஊசியளவு துளை ஒரு குடும்பம் ஒரு நாளில் புழங்கும் நீரை விழுங்கிவிடக்கூடும்.

வடித்துப் பார்க்கலாகாது

"நீரை முழுவதும் இறைத்துவிட்டுத் தரையைப் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடுமே" என்பது பலருக்கும் இயல்பாய்த் தோன்றும் எண்ணம். அஃது ஆபத்தானது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குளத்தைச் சூழ்ந்து உயர்ந்து நிற்கும். நிறைந்த குளத்தின் எடை அதனை எதிர்த்து நிற்கிறது. வெறுமையான குளமோ ஆற்றில் விட்ட தோணியைப் போன்றது. எடுத்துக்காட்டாகக் கொண்ட குளம் ஒன்றரை மீட்டர் ஆழம் உடையதாயின், அது கொள்ளும் நீர் 48,000 லிட்டர். எடை 48 டன். நிலத்தடி நீர் விளிம்பளவு உயர்ந்திருந்தால், அந்த 48 டன்னுக்கும் குறையாத விசை கீழிருந்து மேலே தள்ளும். சுவரும் தரையும் அதைத் தாங்கும் எடையற்றவையாயின், தரை வெடிக்கும். சில வேளை குளமே மண்ணிலிருந்து மேலெழும்பும். சிறு கசிவைத் தேடப்போய்க் குளத்தையே இழக்கும் நிலை இது. எனவே பொறியியலார் ஒருவர் நிலத்தடி நீரின் மட்டத்தைப் பார்த்துச் சொல்லாமல் குளத்தை வடித்தல் கூடாது. வாளிச் சோதனையின் பெருஞ்சிறப்பும் இதில் உள்ளது. குளத்தை நிறைந்தபடியே வைத்து அதன் நோயை அது சொல்கிறது.

சோதனை முடிந்தபின் வாளி நீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தல் வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிட அத்தகைய தேங்கிய நீரைத்தான் தேடுகிறது.

வகுப்பறையில்

குளம் இல்லாத பள்ளியிலும் இப்பாடத்தை நடத்தலாம். ஒரே அளவான இரண்டு பால் டின்களை எடுத்து, ஒன்றன் அடியில் ஊசித்துளை இட்டு, அதில் பருத்தி நூலைச் செருகி, நீர் மெல்லக் கசியுமாறு செய்க. இரண்டையும் மணற்பெட்டியில் பாதி புதைத்து, ஒரே மட்டத்திற்கு நீர் நிரப்புக. கசியும் நீர் மணலில் சுவறிவிடும்; மாணாக்கருக்குத் தெரியாது. மூன்றாவது டின் ஒன்றை ஓட்டையின்றி வெயில் காயும் சிமெந்துத் தரையில் வைக்க. மறுநாள் மூன்றையும் அளக்கச் சொல்லி, "எது கசிகிறது?" என்று வினவுக.

மூன்றும் குறைந்திருக்கும். குறைந்தவை எல்லாம் ஓட்டை என்று சொல்லும் மாணவன் உளன். வெயிலில் நின்ற டின்னையே குற்றம் சாட்டும் மாணவனும் உளன். மணலில் அருகருகே நின்ற இரண்டை மட்டும் ஒப்பிட்டு, மூன்றாவதை ஒப்பீட்டிலிருந்து விலக்கும் மாணவன் ஒருவனேனும் இருப்பான். ஏன் விலக்கினான் என்பதை அவன் வாயாலேயே வகுப்புக்கு விளக்கச் செய்தல் வேண்டும். ஒத்தவற்றையே ஒப்பிட வேண்டும். இயல்பான குறைவைக் கழித்த பின்னரே குற்றம் சொல்ல வேண்டும். சிறு வேறுபாட்டிற்குக் காலம் கொடுக்க வேண்டும் என்னும் மூன்றையும் அவன் தன் கையால் அளந்து கற்றிருப்பான். அவ்வாறு கற்ற பிள்ளை, பிற்காலத்தில் குளத்தைப் பற்றி மட்டுமன்று, மனிதரைப் பற்றிப் பழி கேட்கும்போதும், "எதனோடு ஒப்பிட்டு அளந்தீர்கள்?" என்று கேட்கத் தெரிந்தவனாய் இருப்பான்.